அறை மலிவு, கடல் எப்படி?

கிழக்குக் கரையில் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் ரிசப்சனில் பல வருசம் இருந்தவள் என்பதால் ஆசிரியர் இந்தப் பக்கத்தை என் தலையில் கட்டிவிட்டார். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேட்பது ஒரே விசயம்: சீசன் இல்லாத நேரம் குறைந்த காசில் கடற்கரைக்குப் போகலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்கா, ஆகஸ்ட் லீவில் பிள்ளைகளோடு தெற்கே உனவட்டுன அல்லது மிரிஸ்ஸ போக யோசிக்கிறோம். பாசிக்குடா விலையில் பாதிக்கு அங்கே ரூம் கிடைக்கும் போல இருக்கிறது. போகலாமா?
– அரச ஊழியர், களுவாஞ்சிக்குடி

தாராளமாகப் போகலாம், கடலில் இறங்குகிற எண்ணம் இல்லையென்றால்.

ரூம் விலை விழுவதற்கு இரண்டே காரணம்தான். ஒன்று, ஆள் இல்லை. மற்றது, கடல் சரியில்லை. ஆள் இல்லாமல் விழுகிற விலை உங்களுக்கு லாபம். கடல் சரியில்லாமல் விழுகிற விலைக்கு நீங்கள் வாங்குவது ஒரு கட்டிலும் நாலு சுவரும். போனை எடுத்து புக் பண்ணுவதற்கு முன் இது எந்த மலிவு என்று ஒருக்கால் யோசியுங்கள்.

மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று காலி, மாத்தறைக் கரையில் நேரே வந்து மோதும். நாங்கள் இங்கே கச்சான் காற்றின் வெக்கையில் வியர்த்துக்கொண்டிருக்கிற அதே நாட்களில் அங்கே மழையும் பேரலையும். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் காட்டுகிற படகுகளுக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். உனவட்டுன வளைந்த குடா, முன்னால் பவளப்பாரும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் தாங்கும். ஆனாலும் சிவப்புக் கொடி பறக்கிற நாளில் இரண்டு பிள்ளைகளைக் கரையில் பிடித்து வைத்திருப்பது உங்கள் பாடு.

அதே காற்று மலைநாட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது ஈரத்தை எல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு வெறுங்கையோடுதான் வருகிறது. அதனால்தான் ஆகஸ்டில் பாசிக்குடாக் கடல் ஆடாமல் அசையாமல் கிடக்கிறது, விலையும் உச்சியில் நிற்கிறது. ஆனால் களுவாஞ்சிக்குடியில் இருக்கிற உங்களுக்குப் பாசிக்குடாவில் ரூம் எதற்கு? பொதுக் கடற்கரைப் பக்கம் வாகனம் விட இடமும் உடுப்பு மாற்ற இடமும் இருக்கின்றன. கிழமை நாளில் வெள்ளாப்பில் வெளிக்கிட்டால் வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகள் ஆசைதீரக் குளித்து முடித்துவிடுவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் கனதூரம் நடக்கலாம். பக்கத்தில் கல்குடாப் பக்கம் அப்படி அல்ல, அங்கே ஆழமும் அலையும் உண்டு, நீந்தத் தெரியாதவர்களை இறக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். ஊர் ஊராக பஸ் பிடித்து வந்து சமையலும் பாட்டுமாக நிற்பார்கள், தண்ணீரைப் பார்க்கவே முடியாது.

காலிக் கோட்டையைப் பார்ப்பதுதான் ஆசையென்றால் ஆகஸ்டிலேயே போங்கள். குடையோடும் மதிலில் நடக்கலாம், ரூமும் மலிவு. கொழும்பைச் சுற்றாமல் அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, திஸ்ஸமகாராம என்று இறங்கினால் மாத்தறை வந்துவிடும்.

கிறிஸ்மஸ் லீவுக்கு ரொறன்ரோவிலிருந்து வருகிறோம். கல்லடியில் பெரியம்மா வீட்டில் தங்கல். இரண்டு மூன்று நாள் பாசிக்குடாவில் நிற்கலாம் என்றால் பெரியம்மா "மாரியில கடலுக்கு ஆர் போறது" என்று ஏசுகிறா. ஹோட்டல்காரர் நல்ல விலை தருகிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, கனடா

பெரியம்மா சொல்வதுதான். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட தலைமுறைக்கு வாடைக்காற்று என்றாலே ஒரு பயம், அதில் பிழை சொல்ல முடியாது. மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும்பங்கு நவம்பர், டிசம்பர், ஜனவரியிலேயே கொட்டித் தீர்த்துவிடும்.

நாள் முழுக்கப் பெய்யாது என்பதும் உண்மைதான். காலையில் வெயில் எறித்து உங்களை ஏமாற்றும். ஆனால் குளிப்பதற்கு வானத்தைப் பார்த்தால் போதாது, தண்ணீரைப் பார்க்க வேண்டும். வாவி நிரம்பி பாலமீன்மடு முகத்துவாரத்து மணல்மேடு வெட்டுப்பட்டதும் செம்மண் நிறத் தண்ணீர் கடலுக்குள் நாக்கு நீட்டியது போலப் போகும். வெளிச்சவீட்டுப் பக்கம் நின்றால் பழுப்பும் நீலமும் பிரிகிற கோடு தெளிவாகத் தெரியும். வாழைக்கும்பு, சல்வீனியா, மரக்கொப்பு, சிலநேரம் யாருடையவோ வேலிக்கட்டை, எல்லாம் அந்தத் தண்ணீரோடு போகும். வாழைச்சேனைப் பக்கமும் அங்குள்ள வாவி கடலுக்குள் விடுகிற தண்ணீர் இப்படித்தான் வரும். அந்த ஹோட்டல் தன் விளம்பரத்தில் போட்டிருக்கிற பச்சைத் தண்ணீர் ஜூலையில் எடுத்த படம் என்று நான் எழுதியே தருவேன்.

இன்னொன்று, வாடையில் கடலுக்குப் போகிற தோணி குறைவு. மீன் விலை ஏறிவிடும். ஹோட்டல் மெனுவில் கடல் சாப்பாடு பாதி வெட்டுப்பட்டிருக்கும். வாவி மீனும் இறாலும் கிடைக்கும், அதற்குப் பெரியம்மா வீட்டுச் சட்டியே நல்லது.

இந்த நேரம் கடல் நல்லாக இருப்பது தெற்கிலும் மேற்கிலும். ஆனால் கிறிஸ்மஸ் தொட்டுப் புதுவருசம் வரை அங்கே விலை கேட்கவே முடியாது. வெளிநாட்டு ஆட்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். கரையிலிருந்து ஒரு தெரு உள்ளே, குடும்பங்கள் தங்கள் வீட்டு மாடியில் விடுகிற அறைகளைத் தேடுங்கள். மட்டக்களப்பிலிருந்து வெளிக்கிடும் நாளில் செய்தி கேட்டுவிட்டு ஏறுங்கள். வெள்ளம் வந்தால் மன்னம்பிட்டிப் பக்கம் வீதியில் தண்ணீர் ஏறிவிடும்.

லீவை மாற்ற முடியுமென்றால் ஒரு யோசனை. பெப்ரவரிக் கடைசி, மார்ச் மாதம் வாருங்கள். இங்கே மழை ஓய்ந்து, கடல் தெளிந்து, ஆனால் வெளிநாட்டு ஆட்கள் இன்னும் தெற்கிலேயே இருப்பார்கள். கிழக்கு சீசன் ஏப்ரல், மே வரை சூடு பிடிக்காது. நான் முதலில் சொன்னேனே, ஆள் இல்லாததால் விழுகிற விலை, அது இந்த வாரங்களில்தான். சீசன் முடிகிற செப்டம்பர் கடைசி, ஒக்டோபர் தொடக்கமும் அப்படியே. பின்னேரம் இடிமழை வரும், காலைக் கடல் அருமையாக இருக்கும்.

நாங்கள் கெம்பஸ் நண்பர்கள் ஐந்து பேர். நவம்பரில் அறுகம்பை போனால் செலவு குறையும் என்கிறார்கள். கையில் காசு பெரிதாக இல்லை.
– மாணவர், ஒலுவில்

செலவு குறையும் தம்பி, செலவழிக்க இடமே இருக்காது. ஏப்ரல் தொட்டு ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்கு வருகிறவர்களை நம்பித்தான் அந்த வீதி வாழ்கிறது. நவம்பரில் பாதிக் கடைக்குக் கிடுகு மறைப்புக் கட்டியிருக்கும், கதிரைகள் கவிழ்த்து அடுக்கியிருக்கும். திறந்திருக்கிற ஒன்றிரண்டு இடத்தில் ஐந்து பேருக்கு இரண்டு அறை மிகக் குறைந்த விலைக்குத் தருவார்கள். சாப்பாட்டுக்குப் பொத்துவில் டவுனுக்கு வாருங்கள். ஊர் ஆட்கள் சாப்பிடுகிற கடைக்கு சீசன் கிடையாது, விலையும் மாறாது.

கடலில் இறங்க வேண்டாம், இதை மாமி மாதிரித்தான் சொல்கிறேன். குளிக்கிறதை விட்டால் பார்க்க நிறைய இருக்கிறது. லாகுகல குளம், பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயில், அதற்கும் அப்பால் குமண. பாணமை வீதியில் பொழுதுபட்டால் யானை நிற்கும், அதனால் ஓட்டோக்காரரிடம் நிலவரம் கேட்டு, இருட்டுமுன் திரும்புங்கள். அலைதான் வேண்டுமென்றால் ஏப்ரல் மாதம் போங்கள். அலை சின்னது, பழகுகிறவர்களுக்கு அதுவே நல்லது, கூட்டமும் சேர்ந்திருக்காது.

கல்யாணம் முடித்து முதல் பயணம். மாலைதீவு என்றால் கோடீஸ்வரர்தான் போகலாமா? ஜூனில்தான் லீவு கிடைக்கும்.
– வாசகர், காத்தான்குடி

வாழ்த்துகள். நீங்கள் படத்தில் பார்ப்பது ஒரு தீவுக்கு ஒரு ஹோட்டல் என்கிற வகை. அது எங்களுக்குச் சரிவராது. 2010ஐ ஒட்டித்தான் ஆட்கள் குடியிருக்கிற தீவுகளிலும் சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள் திறக்கத் தொடங்கின. அதில் பேர்போனது மாஃபுஷி. (அந்த நாட்டுச் சிறைச்சாலையும் அதே தீவில்தான், பயப்பட வேண்டாம்.) ஊர் முழுக்க முஸ்லிம்கள், சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மாலேயிலிருந்து அரச படகில் போனால் மிகக் குறைந்த காசு, ஆனால் வெள்ளிக்கிழமை ஓடாது. ஸ்பீட் போட் விலை கூட. பச்சை வரி என்று சின்ன கெஸ்ட் ஹவுஸில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 டொலர் வாங்குவார்கள், ரூம் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். போய் இறங்கினதும் 30 நாள் விசா இலவசம். பறப்பதற்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் இமுகா என்கிற பயணி விபரப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்கும் காசு இல்லை, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஜூன் அங்கே மழைக்காலம், அதனால்தான் விலை இறங்குகிறது. ஆனால் காலி மாதிரி அல்ல. தீவைச் சுற்றிப் பவளப்பார் இருப்பதால் உள்ளே தண்ணீர் பெரிதாகக் குழம்பாது, மழையும் விட்டுவிட்டுத்தான் பெய்யும். படகில் போகும்போது குலுக்கும், அவ்வளவுதான். துணிந்து போகலாம்.

தாய்லாந்து கேட்டும் ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கேயும் எங்கள் கதைதான். புக்கெட், கிராபி பக்கம் மே தொட்டு ஒக்டோபர் வரை மழை. மறுபக்கம் கோ சாமுய்க்கு ஒக்டோபர் தொட்டு டிசம்பர் வரை, நவம்பரில் அதிகம். ஜூலையில் புக்கெட் மலிவு என்று ஓடாமல் சாமுய் விலையைப் பாருங்கள்.

சீசன் இல்லாத நேரம் ரூம் விலையைக் குறைத்துக் கேட்பது எப்படி? கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களா?
– இல்லத்தரசி, அக்கரைப்பற்று

நினைக்கவே மாட்டார்கள். ரிசப்சனில் இருக்கிற பிள்ளைக்கு முதலாளி இரண்டு விலை சொல்லி வைத்திருப்பார். முதலில் சொல்வது ஒன்று, இதற்குக் கீழே இறங்காதே என்பது மற்றது. கேட்கிறவருக்குத்தான் இரண்டாவது.

இணையத்தில் விலையைப் பார்த்துவிட்டு நேரே ஹோட்டலுக்குப் போன் எடுங்கள். அந்தத் தளங்களுக்கு நூற்றுக்குப் பதினைந்து அளவில் கமிஷன் போகிறது. உங்களுக்கு அதில் பாதியை விட்டுத்தந்தாலும் ஹோட்டலுக்கு மிச்சம். ஞாயிறு முதல் வியாழன் வரையான இரவுகளுக்குக் கேளுங்கள். "எவ்வளவு குறைப்பீர்கள்" என்பதைவிட "இரண்டு இரவு நிற்கிறோம், காலைச் சாப்பாட்டோடு என்ன விலை" என்று கேட்டால் ஆள் இறங்குவார். அப்புறம், சேவைக் கட்டணம் 10 வீதமும் வற் என்கிற பெறுமதி சேர் வரி 18 வீதமும் சேர்ந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். 10,000 ரூபா என்று சொன்ன ரூம் பில்லில் 12,000ஐத் தாண்டி நிற்கும். வற் பதியாத சின்ன இடங்களில் இந்தத் தொல்லை இல்லை.

காசு கட்டுமுன் ரூமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ரூமில் முதலில் பூஞ்சண வாசம் அடிக்கும். வாசனைத் தைலம் தெளித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். குளியலறைப் பைப்பைத் திறந்துவிடுங்கள், துருத் தண்ணீர் போய்த் தெளிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரியும். தலையணையைத் தூக்கி மெத்தையைக் கையால் அழுத்துங்கள், கை சில்லென்றால் ஈரம் ஏறியிருக்கிறது. ஏசியைப் போட்டுவிட்டு வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். உப்புக் காற்றில் வெளியே இருக்கிற பெட்டிதான் முதலில் அரிக்கும். தொடக்கத்தில் ஓடும், அரை மணித்தியாலத்தில் காற்று மட்டும்தான் வரும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவார்களா என்பதையும் கேளுங்கள். நாலு ரூமில் மட்டும் ஆள் இருக்கிறதென்றால் டீசல் செலவுக்குப் பயந்து போடாத முதலாளிமார் உண்டு. குறை இருந்தால் அதைச் சொல்லியே இன்னும் கொஞ்சம் குறைக்கலாம், அல்லது கடல் பக்கத்து ரூமைக் கேட்கலாம். வெறுமனே கிடக்கிற ரூம்தானே, பெரும்பாலும் தருவார்கள்.

போயா (பௌர்ணமி) விடுமுறையோடு சனி ஞாயிறு சேர்ந்து வருகிறது. திருகோணமலை நிலாவெளி போகலாமா?
– ஆசிரியை, கல்முனை

அந்த மூன்று நாளும் முழு நாடும் உங்களைப் போலத்தான் யோசிக்கும், சீசன் இல்லாவிட்டாலும் விலை ஏறும். திங்கட்கிழமை ஒரு நாள் லீவு போட முடிந்தால் ஞாயிறு பின்னேரம் போய் இறங்குங்கள். கூட்டம் எல்லாம் அப்போது பஸ் ஏறிக்கொண்டிருக்கும், ரூம் விலையை நீங்களே சொல்லலாம்.