வாசகர் கேள்வி: வெள்ளி அனுப்பிய பணம் செவ்வாய் சேர்ந்தது, நட்டஈடு கிடைக்குமா?

கேள்வி: வெள்ளவத்தையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வெள்ளி மாலை 6 மணிக்குப் புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு மேலதிகப்பற்றுக் கணக்கிலிருந்து 450,000 ரூபா தொலைபேசிச் செயலியில் அனுப்பினேன். என் கணக்கில் உடனே கழிந்தது. அவருக்குச் செவ்வாய் காலைதான் சேர்ந்தது. சனிக்குள் கட்டினால் தருவதாகச் சொன்ன 2 வீதக் கழிவும் போய், சாமானும் பிந்தியது. வங்கி, ‘தாமதத்துக்கு வருந்துகிறோம்’ என்று மட்டும் சொல்கிறது.
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: முதலில் பணம் எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். கணக்குக் கூற்றில் அந்த வரியருகே செஃப்ட்ஸ் (CEFTS) என்றோ ஸ்லிப்ஸ் (SLIPS) என்றோ இருக்கும். இரண்டும் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் முறைகள். ஸ்லிப்ஸ் கொத்துக்கொத்தாக, வங்கி வேலை நாளில் மட்டும் ஓடுவது. வெள்ளி மாலை கொடுத்தது திங்களுக்குத்தான் போகும். திங்கள் போயா என்றால் செவ்வாய். அப்படியானால் யாரிலும் பிழையில்லை, நட்டஈட்டுப் பேச்சும் இல்லை. செயலியில் கட்டணம் குறைந்த தெரிவைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

செஃப்ட்ஸ் என்றால் கதை வேறு. அது 24 மணி நேரமும், போயாவிலும் உடனுக்குடன் வரவு வைக்கும் முறை. உங்கள் வங்கி கழித்துவிட்டது, மறுமுனையிலிருந்து பதில் நேரத்துக்கு வரவில்லை என்றால் பணம் நடுவில் நிற்கும். இரு வங்கிகளும் கணக்கை ஒத்துப்பார்த்த பின்தான் அது சேரும் அல்லது திரும்பும். இந்த நிலையில் ‘போகவில்லைப் போல’ என்று மறுபடி அனுப்பிவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்துவிடும்.

எவ்வளவு கேட்கலாம்? மேலதிகப்பற்றுக்கு, அதாவது கணக்கிலுள்ளதற்கு மேல் எடுக்கும் கடனுக்கு, ஆண்டுக்கு 15 வீத வட்டி என்று வைத்தால், 450,000 ரூபாவுக்கு 4 நாளுக்கு 739 ரூபா 73 சதம். இதையும் அனுப்பிய கட்டணத்தையும் மறுக்க வங்கிக்கு நியாயமில்லை. கழிவான 9,000 ரூபாவுக்குத்தான் மல்லுக்கட்ட வேண்டும். சனி என்ற கெடு வங்கிக்குத் தெரியாதே என்பார்கள். சட்டத்திலும் அந்த வாதத்துக்கு எடையுண்டு. கெடுவும் கழிவும் அச்சிட்ட விலைப்பட்டியல் கையிலிருந்தால் கேளுங்கள், வாய்ப்பேச்சு உடன்பாடு என்றால் நம்பிக்கை குறைவு. விற்பனை போனது, மனவுளைச்சல் என்பவற்றைச் சேர்த்தால் உறுதியான தொகையும் வலுவிழக்கும். விட்டுவிடுங்கள்.

முறைப்பாட்டை உங்கள் வங்கிக்கே எழுதுங்கள். ஒப்பந்தம் உங்களோடு அதற்குத்தான், வியாபாரியின் வங்கியோடு அல்ல. கொடுக்கல் வாங்கல் இலக்கம், கழிந்த நேரம், சேர்ந்த நேரம், கேட்கும் தொகை, அதன் கணக்கு என எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கிரீன்ஷொட் போதாது: வியாபாரியிடம் அந்த 4 நாள் கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்கி இணையுங்கள், வரவு வைத்த நாள் அதில்தான் இருக்கும். கிளை முகாமையாளருக்கும் தலைமையகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, 14 நாள் கெடு கொடுங்கள். கவுண்டரில் கொடுப்பதானால் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்காமல் வராதீர்கள்.

பதில் இல்லாவிட்டால், அல்லது பதில் மழுப்பலாக இருந்தால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 இல் அழைக்கலாம். தொகை பற்றிய இழுபறி என்றால், வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்கை விசாரிக்கும் நிதியியல் ஒம்புட்ஸ்மனே ஏற்றவர். எங்கே போனாலும் ‘வங்கிக்கு எழுதினீர்களா?’ என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: கணக்கு இலக்கத்தில் ஒரு எண் பிழைத்து வேறொருவருக்குப் போய்விட்டது. பெயர் சரியாகத்தானே கொடுத்தேன்?
— கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: பணம் இலக்கத்தைப் பார்த்துத்தான் சேரும், பெயரைப் பார்த்தல்ல. நட்டஈடு இல்லை. இன்றே வங்கிக்கு எழுதுங்கள். பெற்றவரின் வங்கியூடாக அவரது சம்மதம் கேட்பார்கள். அவர் அதை எடுத்துச் செலவழிக்குமுன் கேட்பதுதான் முக்கியம்.