மகள் பாலம் கட்டப் போகிறாளாம்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் மூன்று கவலைகள் தெரிகின்றன. பள்ளிப் படிப்பை முடிக்கப் போகும் மகள் ராத்திரி வெகு நேரம் பாலம் கட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "படித்தால் சிவில்தான்" என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறதா? பெண் பிள்ளை சைட்டில் போய் நிற்க முடியுமா? இப்போதே ஏதாவது டிசைன் சாஃப்ட்வேர் வகுப்பில் சேர்த்துவிடலாமா? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இவற்றுக்கெல்லாம் முந்தியது. அவளுக்குப் பிடித்திருப்பது பாலமா, பாலத்தின் வேலையா?

பாலம் எல்லோருக்கும் பிடிக்கும். ராட்சத கிரேன் ஒரு கர்டரை, அதாவது பாலத்தைத் தாங்கும் நீண்ட உத்தரத்தை, தூக்கித் தூண்மேல் வைக்கும் இரண்டு நிமிட வீடியோவை நானும் வாய் பிளந்துதான் பார்க்கிறேன். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் சில ஆண்டு வேலை கிடக்கிறது. அதில் பெரும்பகுதி கணக்கு, சரிபார்ப்பு, மண், தண்ணீர், கடிதப் போக்குவரத்து. இதைச் சொல்லி அவளைப் பயமுறுத்த வேண்டாம். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு, அப்புறமும் பிடித்திருந்தால் தாராளமாகப் போகட்டும். தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே எழுதுகிறேன், அவளையும் படிக்கச் சொல்லுங்கள்.

பாலத்தின் வடிவத்தை வரைந்துகொண்டு யாரும் வேலையை ஆரம்பிப்பதில்லை. முதலில் கேள்விகள்தான். ஆற்றில் வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வரும்? கீழே படகு, கப்பல் போகுமா? மேலே போகப் போவது ரயிலா, லாரியா, நடந்து போகிறவர்களா? கெட்டியான மண்ணோ பாறையோ எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது? இதற்காகத் துளை போட்டு மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இந்தப் பதில்கள் வந்த பிறகுதான் தூணுக்குத் தூண் எவ்வளவு இடைவெளி என்ற பேச்சு வரும். அந்த இடைவெளிதான், அதாவது ஸ்பான், மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரண்டு முனையிலும் சும்மா தாங்கி வைத்த ஓர் உத்தரத்தின் நீளத்தை, மீட்டருக்கு இவ்வளவு எடை என்பதை மாற்றாமல், இரண்டு மடங்காக்கினால் நடுவில் அதை வளைக்கும் திருப்புவிசை 4 மடங்காகும். தொய்வு 16 மடங்காகும். அதனால்தான் சாதாரண கர்டர் பாலம் ஓர் அளவுக்கு மேல் கட்டுப்படியாகாது. அதைத் தாண்டினால் பெட்டி வடிவ கர்டர், வளைவுப் பாலம், கேபிளால் தாங்கும் பாலம், கடைசியில் தொங்குபாலம் என்று போக வேண்டியிருக்கிறது. அழகுக்காகத் தொங்குபாலம் கட்டுகிறார்கள் என்று அவள் நினைத்திருந்தால், அந்த 4-ஐயும் 16-ஐயும் தாளில் போட்டுப் பார்க்கட்டும். போடும்போது சுவாரசியம் தட்டினால் நல்ல அறிகுறி.

அடுத்தது, சுமை இறங்கி வரும் பாதை. லாரிச் சக்கரம் சாலைத் தளத்தை அழுத்துகிறது. தளம் கர்டருக்குக் கொடுக்கிறது. கர்டர் பேரிங்குக்கு, பேரிங் தூணுக்கு, தூண் பைலுக்கு (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய அடித்தளத் தூண்), பைல் மண்ணுக்கு. இந்தச் சங்கிலியில் பொதுமக்கள் கண்ணில் படாதது பேரிங்தான். பாலத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், கர்டர் தூணின் தலையில் நேராக உட்கார்ந்திருக்காது. நடுவே கறுப்பாக ஒரு ரப்பர் திண்டோ, இரும்புத் தகடுகள் சேர்ந்த ஓர் அமைப்போ இருக்கும். ஏன்? 100 மீட்டர் நீள இரும்புப் பாலம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 36 மில்லிமீட்டர் நீளும். கான்கிரீட்டும் ஏறக்குறைய அப்படித்தான். நீள விடாமல் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினால் அது தூண்களையே தள்ளப் பார்க்கும். அதனால் ஒரு முனையை நிலையாக வைத்து மறுமுனையை நகர விடுகிறார்கள். பஸ்ஸில் போகும்போது பாலத்தின்மேல் சீரான இடைவெளியில் 'தடக்' என்று கேட்கிறதே, அந்த நீட்சிக்காக விட்ட இடுக்கைச் சக்கரம் தாண்டும் சத்தம் அது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலத்தை விழவைப்பது கனமான லாரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆற்றுப் பாலங்களுக்குப் பெரிய எதிரி அரிப்பு. வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று அடிமண்ணைத் தோண்டிக்கொண்டு போய்விடும். மேலே எல்லாம் ஒழுங்காக இருக்கும், கீழே பிடிமானம் இருக்காது. இந்த ஆழத்தைக் கணிப்பதற்கென்றே நீரியல் பொறியாளர்கள் இருக்கிறார்கள்.

இனி நான் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கட்டி முடித்த பாலம் வேறு, கட்டிக்கொண்டிருக்கும் பாலம் வேறு. முடிந்த பிறகு தூண்மேல் உட்காரப் போகும் கர்டரை ஒரு கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும்போது, அதன் முனை அந்தரத்தில் தொங்கும். நாளை அமுக்கத்தைத் தாங்க வேண்டிய பகுதி இன்று இழுவிசையைத் தாங்கும். ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் பாலமாக நினைத்துக் கணக்குப் போட வேண்டும். ஜப்பானின் அகாஷி கைக்யோ தொங்குபாலத்தில் கோபுரங்கள் எழுந்து, கேபிள்களும் போட்டாகிவிட்ட நிலையில், சாலைத் தளம் தொடங்கும் முன்பாக 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் வந்தது. கோபுரங்களுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் கூடிவிட்டது. புதிய தூரத்துக்கு ஏற்றபடி தளத்தின் வடிவமைப்பைத் திருத்தி, 1998-இல் பாலத்தைத் திறந்தார்கள். இன்று அதன் நடு ஸ்பான் 1991 மீட்டர்.

எல்லாக் கதையும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. கனடாவின் கியூபெக் பாலத்தை அவள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நடு ஸ்பானை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டினார்கள். ஆனால் பாலத்தின் சொந்த எடையை அதற்கேற்பச் சரியாகத் திருத்தவில்லை. உண்மையான எடை தெரிய வந்தபோது பெருமளவு இரும்பு தயாராகிவிட்டிருந்தது. பரவாயில்லை, தாங்கும் என்று மேலே போனார்கள். 1907 ஆகஸ்டில் கீழ்ப்பகுதி உறுப்புகள் வளையத் தொடங்கின. ஒன்றில் வளைவு 19 மில்லிமீட்டரிலிருந்து 57 மில்லிமீட்டராகக் கூடியது. அளந்தார்கள், எழுதினார்கள், வாதாடினார்கள். தளத்துப் பொறியாளர் ரயிலேறி நியூயார்க்கில் இருந்த தலைமை ஆலோசகர் தியோடர் கூப்பரிடம் போனார். மேற்கொண்டு சுமை ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். அது கட்டுமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனது, பாலத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட் 29 மாலை பாலம் விழுந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

பழைய காலத்துக் கதை என்று விட முடியாது. 111 ஆண்டுகள் கழித்து, 2018 மார்ச்சில், அமெரிக்காவின் புளோரிடாவில் கட்டிக்கொண்டிருந்த ஒரு நடைபாலத்தில் பெரிய விரிசல்கள் தெரிந்தன. படம் எடுத்தார்கள், விழுந்த அன்று காலைகூட அதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கீழே போன சாலையை மூடவில்லை. 6 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் அறிகுறி கண்ணெதிரே இருந்தது, வேலையை நிறுத்தச் சொல்லி அது நடக்கும்படி செய்ய ஆளில்லை. உங்கள் மகளிடம் கணிதம் எவ்வளவு என்று பார்ப்பதோடு, நாலு பெரியவர்கள் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்னும்போது "இல்லை, எனக்குக் கணக்கு சரியாக வரவில்லை" என்று சொல்லும் சுபாவம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் உங்களோடு வாதாடுகிறாள் என்று குறைப்பட்டிருந்தீர்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை!

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. கான்கிரீட் கர்டருக்குள் குழாய் விட்டு, அதில் உருக்குக் கேபிள்களைச் செலுத்தி, ஹைட்ராலிக் ஜாக்கியால் இழுத்துப் பூட்டுவார்கள். அந்த இழுப்பு கான்கிரீட்டை முன்கூட்டியே அமுக்கி வைப்பதால், பிறகு சுமை வரும்போது விரிசல் விடாது. இழுக்கும்போது இரண்டு எண்களைக் குறிப்பார்கள்: ஜாக்கியின் அழுத்தமானி காட்டும் விசை, கேபிள் நீண்ட அளவு. 40 மீட்டர் கேபிள் கால் மீட்டருக்கு மேல் நீளும். இரண்டு எண்ணும் கணக்கோடு ஒத்துவர வேண்டும், வழக்கமாக 5 சதவீதம் போலத்தான் விலகல் விடுவார்கள். விசை வந்து நீட்சி வரவில்லை என்றால் கேபிள் உள்ளே எங்கோ சிக்கியிருக்கலாம். நீட்சி வந்து விசை வரவில்லை என்றால் பிடிப்பு நழுவியிருக்கலாம். அங்கே ஒரு இளம் பொறியாளர் கையில் ஸ்கேலும் நோட்டுமாக நின்று, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எழுதிக்கொண்டிருப்பார். அவளுடைய முதல் சில ஆண்டுகள் இப்படித்தான் போகும்.

சரி, வேலைவாய்ப்பு. பாலத்துறை என்றால் ஒரே நாற்காலி என்று நினைக்க வேண்டாம். வடிவமைப்பு ஆலோசனை நிறுவனம், அந்த வடிவமைப்பைத் தனியாக மறுபடி கணக்கிட்டுச் சரிபார்க்கும் நிறுவனம், கட்டும் ஒப்பந்த நிறுவனம், அரசுத் துறை, சாரம், லாஞ்சிங் (கர்டரைத் தள்ளி இடத்தில் வைக்கும் ஏற்பாடு) போன்ற தற்காலிக அமைப்புகளை மட்டும் வடிவமைப்பவர்கள், மண் நிபுணர்கள், காற்றுச் சுரங்கத்தில் மாதிரி வைத்துச் சோதிப்பவர்கள் என்று பல இடங்கள் இருக்கின்றன. என் கணிப்பில் இனி ஆள் அதிகம் தேவைப்படப் போவது பழைய பாலங்களைப் பரிசோதித்துப் பலப்படுத்தும் வேலைக்குத்தான். உலகம் முழுக்கப் போன நூற்றாண்டின் நடுவில் கட்டிய பாலங்கள் வயதாகி நிற்கின்றன. அமெரிக்காவின் மினியாபோலிஸில் 1967-இல் திறந்த நெடுஞ்சாலைப் பாலம் 2007-இல் விழுந்து 13 பேர் இறந்தார்கள். உறுப்புகளை இணைக்கும் தகடுகள் இருக்க வேண்டிய தடிமனில் பாதிதான் இருந்தன என்பது விசாரணையில் தெரிந்தது. 40 ஆண்டுகள் யாரும் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பராமரிப்பு வேலைக்குக் கவர்ச்சி குறைவு, ஆனால் தீர்ந்துபோகாது.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் கணினித் துறைக்குப் போன தோழிகளைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். அனுபவம் கூடக் கூடத்தான் மதிப்பு ஏறும். இதை இப்போதே அவளிடம் பேசிவிடுங்கள், படித்து முடித்த பிறகு பேசாதீர்கள்.

பெண் பிள்ளை என்ற கவலைக்கு வருகிறேன். ஜம்மு-காஷ்மீரின் செனாப் ரயில் பாலம் தெரியும்தானே, ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் வளைவு. உடைந்து பிளவுபட்ட மலைப்பாறையில் அதன் கால்களை எப்படி ஊன்றுவது, சரிவை எப்படிக் கட்டிப்போடுவது என்பதில் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் மாதவி லதா. தோண்டத் தோண்ட வெளிப்படும் பாறைக்கு ஏற்ப வடிவமைப்பை மாற்றிக்கொண்டே போன வேலை அது. ஆக, முடியுமா என்ற கேள்விக்கு இடமில்லை. தங்குமிடம், கழிப்பறை, இரவுப் பணியில் போக்குவரத்து, இவை ஒழுங்காக இருக்கின்றனவா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வேலைக்குச் சேரும் ஒவ்வொரு இடத்திலும் கூச்சப்படாமல் கேட்கட்டும். சைட் ஒத்துவரவில்லை என்றால் வடிவமைப்பு அலுவலகம் இருக்கிறது. ஆனாலும் கொஞ்ச காலமாவது சைட்டில் நின்றுவிட்டு அலுவலகத்துக்கு வருவது நல்லது. இரண்டு கம்பிக்கு நடுவே கான்கிரீட் இறங்க இடம் இருக்கிறதா என்று யோசிக்காமல் டிராயிங் போடுகிறவர்களைப் பற்றிச் சைட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

படிப்பு வரிசை எளிது. இளநிலையில் சிவில், பிறகு கட்டமைப்புப் பொறியியலிலோ மண் பொறியியலிலோ முதுநிலை. இளநிலையில் சேரும் முன்பே 'பாலம் மட்டும்' என்று குறுக்கிக்கொள்ள வேண்டாம். உருவத்தின் அழகு மட்டுமே அவளை இழுக்கிறது, இயற்பியலில் விசை, திருப்புவிசைப் பாடம் கசக்கிறது என்றால், கட்டடக்கலைப் படிப்பையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக சாஃப்ட்வேர் வகுப்பு. இப்போது வேண்டாம். தாங்கும் புள்ளியைத் தப்பாகக் கொடுத்தாலும் அந்த மென்பொருள் வண்ண வண்ணமாகப் படம் காட்டிவிடும், தப்பு என்று சொல்லாது. விடை எந்த அளவில் வர வேண்டும் என்று கையால் தோராயமாகப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அது கருவி. கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் தானாகவே கற்றுக்கொள்வாள். அந்தக் கட்டணத்தைச் சேமித்துவிட்டு, விடுமுறையில் அவளை ஒரு பாலத்துக்குப் பக்கவாட்டில், பாதுகாப்பாக நின்று பார்க்கக்கூடிய இடத்துக்கு அழைத்துப் போங்கள். கையில் ஒரு நோட்டு கொடுங்கள். சக்கரத்திலிருந்து மண் வரை சுமை எப்படி இறங்குகிறது, எந்த முனை நகரும், எந்த முனை நிலையானது, இதை எந்த வரிசையில் கட்டியிருப்பார்கள் என்று வரைந்து எழுதட்டும். பத்து நிமிடத்தில் போனை எடுத்துவிட்டால் எனக்குத் தெரிவியுங்கள், வேறு வழிகளைப் பேசுவோம். நீங்கள் கூப்பிட்டும் வராமல் அடுத்த தூணைப் பார்க்கப் போனால், சிவில் இருக்கும் கல்லூரிகளின் பட்டியலோடு இரண்டு பேருமாக வாருங்கள்.