லடாக் குளிரில் லாரியைக் கிளப்ப எஞ்சின் ஹீட்டரும் ஜெனரேட்டரும் எதற்கு?

வேலூர் வெயிலில் ஓடிப் பழகிய டீசல் லாரி, லடாக்கின் லே நகர்ப் பக்கம் மைனஸ் 20 டிகிரியில் விடியற்காலை முனகிவிட்டு நின்றுவிடும். எஞ்சின் ஹீட்டர் என்பது எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்குக்குள் பொருத்தும் ஒரு சின்ன வாட்டர் ஹீட்டர்தான். எஞ்சினுக்குள் ஓடும் கூலன்ட் திரவத்தைச் சூடாக்கி, எஞ்சினையே வெதுவெதுப்பாக்கும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். சில்லிட்ட இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. பேட்டரியின் பலமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். எஞ்சின் ஆயிலோ, மார்கழியில் காட்பாடி வீட்டு ஜன்னலோரம் கட்டிப்போன தேங்காயெண்ணெய் மாதிரி. பாட்டிலை எவ்வளவு குலுக்கினாலும் வராது, வெந்நீரில் வைத்தால்தான் இளகும்.

லாரி ஹீட்டர் 1,000 முதல் 1,500 வாட் மின்சாரம் இழுக்கும். கரண்ட் இல்லாத இடத்தில் அதற்குத்தான் ஜெனரேட்டர். ஊர்க் கணக்கில் 2 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) போதும். ஆனால் லே 3,500 மீட்டர் உயரம். காற்று மெலிவதால் ஜெனரேட்டரின் பலம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 3 கேவிஏ எடுங்கள். கிளப்புவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே ஓடவிடுங்கள். கேபினில் ஆள் தூங்கினால் ஜெனரேட்டர் புகை அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. அதிலுள்ள விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

ஹீட்டர் போட்டால் டாங்கில் மெழுகாய்க் கட்டிய டீசலும் இளகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இளகாது, ஹீட்டரின் சூடு எஞ்சினோடு சரி. டீசல் கட்டாமலிருக்க, மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் நிற்காத குளிர்கால டீசல் 2019 முதல் லடாக்கில் கிடைக்கிறது.