துருப்பிடித்த கதவும் மஞ்சளான சுவரும்: எனாமல் பெயிண்ட் பற்றி வாசகர் கேள்விகள்

எனாமல் பெயிண்ட் பற்றி நமக்கு வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை எந்த நிறுவனத்தின் பெயிண்டை வாங்கலாம் என்றே கேட்கின்றன. பூசப்போகும் பரப்பு இரும்பா, மரமா, துத்தநாகம் ஏற்றிய தகடா, அதன்மேல் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைச் சொன்னவர்கள் மிகச் சிலரே. அப்படிச் சொன்னவர்களின் கடிதங்களையே இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ளது. சென்ற ஆண்டு பங்குனியில் வாசல் இரும்புக் கதவுக்கு நல்ல விலையில் எனாமல் வாங்கி அடித்தோம். அடைமழை முடிவதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நகத்தால் கீறினாலே பெயர்ந்து வருகிறது. இதைவிட உயர்ந்த பெயிண்ட் வாங்க வேண்டுமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் துருவின் மேல் அடித்த பெயிண்ட் துருவோடு சேர்ந்துதான் உதிரும். எனாமல் ஒரு கோட் காய்ந்த பிறகு அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லிய படலத்தின் ஊடே ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். கடலோரத்தில் துருவின் குழிகளில் தங்கியிருக்கும் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தாங்கள் கண்ட கொப்புளங்களில் ஒன்றை உடைத்துப் பார்த்திருந்தால் உள்ளே ஒரு சொட்டு நீர் இருந்திருக்கும்.

ஆகவே இம்முறை செலவைப் பெயிண்டில் கூட்டாமல் உழைப்பில் கூட்டுங்கள். எழும்பிய பெயிண்டை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, கம்பி பிரஷ்ஷாலும் முரட்டு எமரித் தாளாலும் இரும்பின் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். அதன் பிறகு பெரும்பாலான பெயிண்டர்கள் செய்யாத ஒரு வேலை இருக்கிறது: நல்ல தண்ணீரால் கதவு முழுவதையும் கழுவி உப்பைப் போக்குவது. கழுவினால் துருப்பிடித்துவிடுமே என்று அவர்கள் தயங்குவார்கள். வெயிலில் கழுவி, உடனே துடைத்து, நன்றாக உலர்ந்ததும் அன்றைக்கே பிரைமர், அதாவது எனாமலுக்கு முன் கொடுக்கும் அடிப்பூச்சு, அடித்துவிட்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. கம்பி நுழையாத மூலைகளில் எஞ்சும் துருவுக்கு, கடைகளில் கிடைக்கும் துருமாற்றித் திரவத்தைத் தடவலாம். அது துருவைக் கருநீலமான ஒரு படலமாக மாற்றிவிடும்.

பிரைமர் என்றதும் வெல்டிங் பட்டறையிலிருந்து கிரில்லோடு வரும் செங்காவிப் பூச்சை நினைத்துக்கொள்ள வேண்டாம். அதில் பெரும்பகுதி கண்ணுக்காக அடிப்பது. விரலால் தேய்த்தால் கையில் ஒட்டுமானால் அதைச் சுரண்டி எடுத்துவிடுவதே நல்லது. ரெட் ஆக்ஸைடு ஜிங்க் குரோமேட் பிரைமரை டின்னாகவே வாங்கி, கடலோரம் என்பதால் இரண்டு கோட் அடியுங்கள். குரோமேட் நச்சுப்பொருள் என்பதால், அதைத் தேய்க்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணிவது அவசியம். மேலே அடிக்கும் எனாமல் டின்னில் ஐ.எஸ். 2932 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்புற எனாமலுக்கான இந்தியத் தர எண் அது. ஐ.எஸ். 133 என்பது உட்புறத்துக்கு உரியது.

இன்னொன்று. கூர்மையான விளிம்புகளிலிருந்து ஈரப் பெயிண்ட் தானாகவே விலகிக்கொள்ளும். அதனால்தான் எந்தக் கதவிலும் துரு முதலில் ஓரங்களில் எட்டிப்பார்க்கிறது. கோட் அடிக்கும் முன்பு ஓரங்கள், வெல்டிங் மூட்டுகள், கீல், தண்ணீர் தேங்கும் அடிச்சட்டம் ஆகியவற்றுக்குச் சிறிய பிரஷ்ஷால் தனியாக ஒரு கை பூசிவிடுங்கள். பனி காய்ந்த பிறகு தொடங்கி, இரும்பு தொடமுடியாமல் சுடும் முன்பு நிறுத்திக்கொள்ள வேண்டும். மாலையில் அடித்தால் இரவுப் பனி பட்டுப் பளபளப்பு மங்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் பெயிண்டர் எனாமலில் மண்ணெண்ணெய் கலக்கிறார். கேட்டால் நெடுநாளாக இப்படித்தான் செய்வதாகச் சொல்கிறார். இது சரியா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சரியன்று. எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் கரைப்பான் ஆவியாகிறது. பிறகு அதிலுள்ள பிசினின் எண்ணெய்ப் பகுதி காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. மண்ணெண்ணெயில் எளிதில் ஆவியாகாத கனமான பகுதி உண்டு. அது படலத்துக்குள்ளேயே தங்கிவிடுவதால் பிசுபிசுப்பு போக நாளாகும், பளபளப்பும் குறையும். கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் கிடைக்கும் மினரல் டர்பன்டைனே போதும். ஒரு லிட்டருக்கு 100 மில்லிக்கு மேல் தேவைப்படாது. நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரை இளக்கப் பயன்படும் என்.சி. தின்னர் இதற்கு உரியதன்று, அது பழைய எனாமலை இளக்கிச் சுருங்க வைத்துவிடும். மாறாக எதையும் கலக்காமல் கெட்டியாக அடித்தாலும் சுருக்கம் விழும், ஏனெனில் மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே ஈரமாகவே நின்றுவிடும்.

கேள்வி: தாத்தா காலத்து வீடு. நிலைக்கதவிலும் சன்னல்களிலும் மஞ்சளும் பச்சையுமாகப் பல அடுக்குப் பெயிண்ட் இருக்கிறது. மெஷின் வைத்துத் தேய்த்து மரம் தெரியும்படி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க எண்ணுகிறோம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.
– வாசகி, காரைக்குடி

பதில்: அந்த மெஷினை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பழைய எனாமல்களில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கலந்த நிறமிகள் தாராளமாகப் பயன்படுத்தப்பட்டன. வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 அன்று. தங்கள் கதவில் இருக்கும் அடுக்குகள் அதற்கு வெகுகாலம் முந்தியவை என்பதால், ஈயம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு. உலர்ந்த பெயிண்டை மெஷினால் தேய்த்தால் எழும் தூசு தரையிலும் துணியிலும் படிந்து, தவழ்ந்து விளையாடும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்க ஈயம் மிகக் குறைந்த அளவில் இருந்தாலே போதும்.

பழைய பெயிண்ட் உதிராமல் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதை எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. மரம் தெரிய வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான், ஆனால் குழந்தை வளரும்வரை அது காத்திருக்கலாம். சோப்புத் தண்ணீரால் பிசுக்குப் போகக் கழுவுங்கள். பிறகு தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பரால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் ஈரத்தோடே தேய்த்து, வழியும் சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைத் துவைத்து மீண்டும் பயன்படுத்தாமல் கட்டி எறிந்துவிடுங்கள். உதிரும் இடங்களை ஈரப்படுத்திச் சுரண்டி, பிரைமர் கொடுத்து, பட்டி வைத்துச் சமன்செய்து, மேலே இரண்டு கோட் எனாமல் அடிக்கலாம். சுடரைக் காட்டிப் பெயிண்டை எரித்தெடுக்கும் பழைய வழக்கம் மட்டும் கூடவே கூடாது. வேலை நடக்கும் நாள்களில் குழந்தையும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவரும், வேறு வீட்டில் இருப்பது நல்லது. தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். புதிய டின்னில் ஈய அளவு 90 பங்குக்கு மிகவில்லை என்ற வாசகம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத டின்னை, எத்தனை மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள்.

கேள்வி: மாடியில் ஜி.ஐ. தகட்டுக் கூரைக்கும் ஜி.ஐ. குழாய்களுக்கும் எனாமல் அடித்தோம். துருவே இல்லாத புதுத் தகடு. ஆறு மாதத்தில் பாம்புச் சட்டை உரிவதுபோல் உரிந்துவிட்டதே, ஏன்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: துரு இல்லாததே தங்களை ஏமாற்றிவிட்டது. ஜி.ஐ. தகட்டின் மேற்பரப்பு இரும்பன்று, துத்தநாகம். எனாமலில் உள்ள எண்ணெய் அமிலங்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து அடிப்பரப்பில் ஒருவகைச் சோப்பாக மாறுகின்றன, சோப்பின் மேல் எதுவும் ஒட்டி நிற்காது. உரிந்ததை முழுவதும் நீக்கி, சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்தி, துத்தநாகப் பரப்புக்கு உகந்தது என்று டின்னிலேயே குறிப்பிட்டுள்ள எட்ச் பிரைமரோ இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமரோ கொடுத்த பிறகே எனாமல் அடிக்க வேண்டும். சாதாரண ரெட் ஆக்ஸைடு இங்கே பயன்படாது, அதுவும் பெரும்பாலும் அதே எண்ணெய்ப் பிசினில் செய்ததுதான்.

கேள்வி: அடுப்படிச் சுவருக்கு வெள்ளை எனாமல் அடித்து மூன்று ஆண்டு ஆகிறது. கறை கழுவினால் போகிறது, ஆனால் சுவரே மஞ்சளாகிவிட்டது. காலண்டரை எடுத்துப் பார்த்தால் அதன் பின்புறம் இன்னும் மோசம். ஒரு மூலையில் உப்பியும் இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: காலண்டரின் பின்புறம் புகை படிய வழியில்லை என்பதைத் தாங்களே கவனித்திருப்பது மகிழ்ச்சி. எண்ணெய் கலந்த எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளிக்கும், அது அதன் இயல்பு. காலண்டரைச் சில வாரம் வேறிடத்தில் மாட்டிவையுங்கள். வெளிச்சம் பட்டதும் அந்தத் திட்டு ஓரளவு வெளுத்துவிடும். வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டுமானால் தண்ணீரில் கலக்கும் எனாமலுக்கு மாறுவதே வழி. நெடியும் குறைவு, பிரஷ்ஷைத் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். பழைய சுவரில் எண்ணெய்ப் பிசுக்கை வாஷிங் சோடாக் கரைசலால் போக்கி, கழுவி உலர்த்தி, பளபளப்பு முழுவதும் மங்கும்படி தேய்த்த பிறகு அதன்மேலேயே அடிக்கலாம்.

உப்பிய மூலை வேறு கதை. சுவரின் மறுபுறம் குளியலறையோ குழாயோ இருக்கிறதா என்று பாருங்கள். ஓதம் ஏறும் சுவரில் எனாமல் அடிப்பது பானையை மூடிபோட்டுக் கட்டுவதைப் போன்றது. ஈரம் வெளியேற வழியில்லாமல் படலத்தைத் தூக்கிவிடும், சிமெண்டின் காரமும் எனாமலை அரிக்கும். கசிவை நிறுத்திச் சுவர் காயும்வரை அந்த மூலையைச் சுரண்டி அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

கேள்வி: அம்மா வைத்திருந்த எனாமல் குவளையில் விளிம்பு பெயர்ந்திருக்கிறது. கொஞ்சம் எனாமல் பெயிண்ட் தொட்டுவைத்தால் போதுமா?
– வாசகர், சேலம்

பதில்: பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது. குவளையில் இருப்பது உலோகத்தின் மேல் கண்ணாடித் தூளை உருக்கி ஒட்டிய பூச்சு, ஏறத்தாழ 800 டிகிரி சூட்டில் செய்வது. பெயிண்டுக்கு அதன் பளபளப்பை வைத்துப் பெயர் வந்தது, அவ்வளவே. உணவு படும் எதிலும் பெயிண்ட் பூசக் கூடாது. குவளையில் பேனாக்களைப் போட்டு மேசையில் வையுங்கள்.

கேள்வி: ஒரு கதவுக்கு எவ்வளவு வாங்குவது? மீந்ததை எப்படி வைப்பது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஏழடிக்கு மூன்றடிக் கதவு ஒரு பக்கம் 21 சதுர அடி, இரு பக்கமும் நிலையும் சேர்த்து 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டுக்கு 110 சதுர அடி ஆகிறது. மிருதுவான பரப்பில் ஒரு லிட்டர் அந்த அளவுக்குத் தாராளமாகப் போதும், சிறிது மீதமும் இருக்கும். ஒரு கதவில் சிறு கீறல் திருத்த மட்டும் என்றால் 50 மில்லி, 100 மில்லி டின்களே கிடைக்கின்றன.

மீந்த பெயிண்ட் காற்றுப்பட்டால் பாலில் ஆடை கட்டுவதுபோல் மேலே தோல் கட்டும். பாதி டின்னாக வைக்காமல், அது நிரம்பும் அளவுள்ள சிறிய டின்னுக்கு மாற்றி, பெயிண்டின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் படியவைத்து இறுக மூடுங்கள். மீண்டும் திறக்கும்போது தோல் இருந்தால் அதைக் கலக்காமல் முழுதாக எடுத்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். பெயிண்ட் துடைத்த துணிகளை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு எழும், குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியேறாமல் தானே தீப்பற்றவும் கூடும். கொடியில் விரித்துக் காயவிட்ட பிறகு எறியுங்கள்.