கிருஷ்ணகிரியில் 20 நிமிட ஆள்கடத்தல் காமெடிப் படம் எடுக்கிறோம். 'சூது கவ்வும்' மாதிரி வர, நடிகர்களை எப்படிப் பிடிப்பது?

காமெடி பண்ணத் தெரிந்த ஆளைத் தேடாதீர்கள். 2013இல் நலன் குமரசாமி எடுத்த அந்தப் படத்தில் தமாஷ் பண்ணுகிற நினைப்பே யார் முகத்திலும் இருக்காது. நயன்தாராவுக்குக் கோயில் கட்டிவிட்டு ஊரைவிட்டு வந்த பகலவனுக்கு (பாபி சிம்ஹா) அது நிஜமான பக்தி. நேர்மையான அமைச்சராக வரும் எம்.எஸ்.பாஸ்கர் ஏதோ ஒரு குடும்பப் படத்தில் நடிப்பதுபோல் இருக்கிறார், போலீஸாக வரும் யோக் ஜேப்பி ஒரு முரட்டுப் போலீஸ் படத்தில் நடிப்பதுபோல் இருக்கிறார். ஆளுக்கொரு படம், ஒரே ஃபிரேமில் முட்டிக்கொள்ளும்போதுதான் சிரிப்பு.

நம் பக்கம் பாரதக் கூத்து (மகாபாரதக் கதையை ஆடும் தெருக்கூத்து) பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் என்ன நக்கல் அடித்தாலும் துரியோதனன் சிரிக்கமாட்டான். சிரித்தால் கூத்து படுத்துவிடும். அதனால் கூத்துக்காரர்களையே கேட்டுப் பாருங்கள். சிக்கல் ஒன்றுதான், குரல். கடைசி வரிசைக்குப் பேசிப் பழகியவர்கள், காலர் மைக்கில் சத்தம் உடைந்துவிடும். முதலில் ரெக்கார்டரில் கெயினை (ஒலியை வாங்கும் அளவை) குறைத்து, உரத்த வசனத்திலும் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். அப்புறம் டீக்கடை பெஞ்சில் எதிரே உட்காரவைத்து, எதிரில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் ஒத்திகை.

ஆடிஷனுக்கு, பணம் கேட்டு மிரட்டுகிற போன் வசனத்தைக் கொடுத்து, கொடுத்த கைமாத்தைத் திருப்பிக் கேட்கிற கூச்சத்தோடு பேசச் சொல்லுங்கள். குரலை மாற்றி வில்லத்தனம் காட்டுகிறவர் வேண்டாம்.

விஜய் சேதுபதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஷாலு (சஞ்சிதா ஷெட்டி) மாதிரி கற்பனைப் பாத்திரம் வைத்தால், கேமராவை அசைக்காமல் ஒவ்வொரு ஷாட்டையும் அந்தப் பாத்திரத்தில் நடிப்பவர் இருந்தும் இல்லாமலும் இரண்டு முறை எடுங்கள். அவர் இல்லாத டேக்கில் அவர் கண் இருந்த உயரத்தில், அதே திசையில் ஃபிரேமுக்கு வெளியே ஒரு ஸ்டாண்டில் டேப் ஒட்டவில்லை என்றால் நாயகன் பார்வை அலைந்து, குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஹைவே ஓரம் வசனக் காட்சி வேண்டாம், லாரி இரைச்சலிலிருந்து வசனத்தை டப்பிங்தான் காப்பாற்றும். தொப்பூர் கணவாய்ச் சாலையில் கேமராவே வைக்காதீர்கள், விபத்துக்குப் பேர்போன இறக்கம். மாந்தோப்பு நல்ல இடம், ஆனால் அறுவடைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம் தோப்பு முழுக்க ஆளும் டெம்போவும்தான்.

ஆம்னி வேனில் ஆளைத் திணிக்கிற காட்சிக்கு முன்னால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் தேதி, நேரம், வண்டி எண்ணோடு கடிதம் கொடுத்து, முத்திரை போட்ட நகலை டிரைவர் கையில் கொடுத்துவிடுங்கள்.