சேற்றில் அச்சு வரை புதைந்த டிராக்டரை வெளியே எடுப்பது எப்படி?

கேள்வி கேட்டவர், தம்முடைய கனமான டிராக்டர் நெல்வயலில் பின்னச்சு வரை இறங்கிவிட்டது என்றும், பக்கத்து வயல்காரரின் டிராக்டரைக் கொண்டு சங்கிலி போட்டு இழுத்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறார். போதாது. வண்டி இன்னும் சேற்றில்தான் நிற்கிறது, வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, வரப்பில் நாலைந்து பேர் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். என்ஜினை நிறுத்திவிட்டு இறங்குங்கள். முதலில் மண்வெட்டியை எடுங்கள். சங்கிலி கடைசியில் வரட்டும்.

நான் பொறியியல் படித்தவன் அல்லன். பர்மாவில் பெகுவுக்குத் தெற்கே, கவா பக்கத்தில் நெல்லும் உளுந்தும் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. எங்கள் பகுதியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். அதில் பெரும்பகுதி மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆற்று வண்டல் படிந்த களிமண் பூமி. நடவுக்கு முன் தண்ணீர் கட்டிச் சேறாக்கும் சேடை உழவு நாளில் வயலில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். ஆகவே சேற்றைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு தகுதி உண்டு என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து பதில் எழுதும் சிலர் "ஜேசிபியைக் கூப்பிட்டால் முடிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஜூலை மாதத்தில் எங்கள் வயலுக்கு ஜேசிபி வந்தால் அதையும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

என் வண்டி புதைந்தது 2018 ஜூலையில். அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததைச் சொல்லாமல், அன்று நான் ஏன் அப்படி அவசரப்பட்டேன் என்பது விளங்காது. உளுந்து நல்ல விலைக்குப் போன காலத்தில் தவணைக்கு 50 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றை வாங்கியிருந்தேன். 2017 ஆகஸ்டில் இந்திய அரசு, உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து ஆண்டுக்கு மூன்று லட்சம் டன், துவரை இரண்டு லட்சம் டன் என்று இறக்குமதிக்கு வரம்பு கட்டியது. எங்கள் உளுந்துக்கு இந்தியாவை விட்டால் வேறு பெரிய சந்தை கிடையாது. பர்மியர் இட்லிக்கு ஆட்டுவதில்லை. விலை சரிந்தது, தவணை மட்டும் சரியவில்லை. இந்திய விவசாயியைக் காக்கச் செய்தார்கள் என்பது எனக்கும் தெரியும், அதற்காக யாரும் என்னிடம் சண்டைக்கு வரவேண்டாம். ஆனால் சென்னையில் இட்லி சாப்பிடுகிறவர்களுக்குக் கவாவில் ஒருவன் சேற்றில் இறங்கியது தெரிய வாய்ப்பில்லை என்பதால் இங்கே பதிந்து வைக்கிறேன். அந்தத் தவணைக்காகத்தான் அந்த மழைக்காலம் முழுவதும் ஊரார் வயல்களில் கூலிக்கு உழுதேன், உழக்கூடாத நாளிலும் உழுதேன்.

அன்று மாலை மூன்று மணி இருக்கும். வயல்காரர் வடகிழக்கு மூலையை விட்டுவிடச் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் முன்பு ஓர் ஓடை இருந்து, பிறகு தூர்த்தது என்பது காரணம். ஏக்கர் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு மூலையை விட மனம் வராது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி புதையவே புதையாது என்று விற்றவர் சொன்னதும் காதில் இருந்தது. அந்தக் கடை எது என்பது இங்கே வேண்டாம். மூலையில் திரும்பும்போது வலது பின்சக்கரம் ஒரு சாண் இறங்கியது. அப்போது கிளட்சை மிதித்து நிறுத்தியிருந்தால் இந்தப் பதிலுக்கே வேலை இல்லை. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை, சேறு மட்டும் என் முதுகு வரை தெறித்தது. இன்னும் மிதித்தேன். அரை நிமிடத்தில் அச்சு சேற்றைத் தொட்டது.

இதன் காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். பல காலம் உழுது வந்த நெல்வயலில் சேற்றுக்கு அடியில், முக்கால் அடி ஓர் அடி ஆழத்தில், மண் இறுகிக் கெட்டியான ஒரு தட்டு இருக்கும். மாடு நடப்பதும் டிராக்டர் ஓடுவதும் மேலே உள்ள சேற்றின் மீது அல்ல, அந்தத் தட்டின் மீதுதான். தூர்த்த ஓடையில் அந்தத் தட்டு இராது, அல்லது மெல்லியதாக இருக்கும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்போது டயரின் பட்டைகள் மண்வெட்டியைப் போல வேலை செய்து, மிச்சம் இருக்கும் தட்டையும் அறுத்துவிடுகின்றன. வண்டியைச் சேறு புதைத்தது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், புதைத்தது நம் வலது கால்.

இரண்டாவது தவறு, வண்டியின் பின்னால் மாட்டியிருந்த, கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைத் தூக்கிப் பார்த்தது. கிட்டத்தட்ட அரை டன் எடையுள்ள அது முழுவதும் சேற்றில் அமிழ்ந்து, மேலே சேறும் ஏறியிருந்தது. ஹைட்ராலிக் நெம்புகோலை இழுத்தபோது ரோட்டவேட்டர் மேலே வரவில்லை. அதைத் தூக்க முயன்ற பாரமெல்லாம் பின்சக்கரத்தில் விழுந்து, வண்டியின் பின்பாகம் இன்னும் நான்கு விரற்கடை கீழே போனது. நான் இருக்கையில் இருந்தபடியே அது இறங்குவதை உணர்ந்தேன்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்கும் காரியம். என் சித்தப்பா மகன் அவனுடைய டிராக்டரை எங்களுக்கு எதிரே வரப்பை ஒட்டி நிறுத்தி, அதன் பின்பக்கம், உழவுக்கருவியை மேலே பிடித்துக்கொள்ளும் டாப் லிங்க் என்ற தண்டை மாட்டும் இடத்தில் சங்கிலியைக் கோத்தான். அந்த இடம் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும், குனிய வேண்டாம், சேற்றில் கை வைக்க வேண்டாம். சங்கிலி விறைத்தது. என் வண்டி அசையவில்லை. அவனுடைய வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றன. அவற்றிலிருந்து சேறு சொட்டிய காட்சி இன்றும் எனக்கு நினைவில் இருக்கிறது. பக்கத்து வயலில் நாற்றுக் கட்டிக்கொண்டிருந்த பர்மியப் பெரியவர் ஒருவர், நாங்கள் ஊலே என்று அழைப்பவர், கத்திய கத்தலில் தம்பி கிளட்சை மிதித்தான், வண்டி தொப்பென்று விழுந்தது. இன்னும் ஒரு கணம் போயிருந்தால் அது பின்னோக்கிக் கவிழ்ந்து அவன் மேலேயே விழுந்திருக்கும். அந்த வண்டிக்குத் தலைக்கு மேல் காப்புச் சட்டமும் இல்லை. இழுக்கும் சங்கிலி எப்போதும் பின்னச்சுக்குக் கீழே உள்ள டிராபார் என்ற இழுவைச் சட்டத்தில்தான் இருக்க வேண்டும். அச்சுக்கு மேலே எங்கே மாட்டினாலும் இழுவிசை வண்டியின் முகப்பைத் தூக்கும்.

ஊலே வந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எந்த வழியாக உள்ளே வந்தாய்?" என்பது. வந்த வழியே போ என்றார். இதை எதிர்க்கிறவர்கள் உண்டு. டயரின் பட்டைகள் முன்னோக்கிப் பிடிப்பதற்கென்றே சாய்வாக அமைந்தவை, ரிவர்சில் பிடிப்பு குறையும் என்பார்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வந்த வழியில் அடித்தட்டு அறுபடாமல் இருக்கிறது, முன்னால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. மேலும், முன்னோக்கிச் செல்லும்போது பின்சக்கரம் எதிலாவது முட்டிச் சுற்ற முடியாமல் நின்றுவிட்டால், என்ஜினின் சக்தி சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக வண்டியின் உடலை அச்சைச் சுற்றி மேலே தூக்கும். பின்சக்கரங்களோடு மரக்கட்டையைச் சேர்த்துக் கட்டி முன்னே ஓட்டி வெளியே வரும் காட்சிகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். கட்டை அடியில் சிக்கினால் அங்கே நடப்பது இதுதான். ரிவர்சில் அதே சக்தி முகப்பைத் தரையோடு அழுத்தும்.

அன்று இருட்டிவிட்டது. இரவில் மழை பெய்து குழி நிறைந்துவிட்டதால், காலையில் முதலில் வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தோம். பிறகு கருவியைக் கீழே இரு பக்கமும் தாங்கும் லோயர் லிங்க் கைகளின் ஊசிகளையும், டாப் லிங்கையும், கருவியைச் சுழற்றும் தண்டையும் கழற்றி ரோட்டவேட்டரைத் தனியாக்கினோம். கையால் துழாவிக் கழற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தால் ரோட்டவேட்டர் நங்கூரமாக நிற்கும். மூங்கிலை நெம்புகோலாக்கி அதைப் பக்கவாட்டில் தள்ளி வழியைத் திறந்தோம். அதன் பிறகு பின்சக்கரங்களுக்குப் பின்னே, அடியிலிருந்து மேல்வரை, மாட்டுவண்டி ஏறும் அளவுக்குச் சரிவாக மண்ணை வெட்டினோம். செங்குத்தாக வெட்டினால் சக்கரம் அந்தச் சுவரில் முட்டும்.

எல்லாரும் மறக்கும் இடம் வண்டியின் வயிறு. கியர்ப்பெட்டியின் அடிப்பாகம் சேற்றில் அமர்ந்துவிட்டால், ஈரக் களிமண் காற்றுப் புகாமல் அதை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சேற்றில் புதைந்த காலை நேராக உருவ முடியாமல், குதிகாலை அசைத்துக் காற்றுப் போக விட்டால் வந்துவிடும் அல்லவா, அதே சங்கதிதான். இரு பக்கத்திலிருந்தும் நீளமான மூங்கிலை விட்டு அடியில் துளைத்து, காற்றுப் புக வழி செய்தோம். மூங்கிலை உருவியபோது 'பொளக்' என்று ஒரு சத்தம் வந்தது. ஊலே தலையை ஆட்டினார். வண்டிக்கு அடியில் ஆள் படுத்துத் தோண்டக் கூடாது. அது எப்போது அமரும் என்று சொல்ல முடியாது.

வைக்கோலைப் போடலாம் என்றான் தம்பி. தனி வைக்கோலைச் சக்கரம் மென்று சேற்றோடு சேறாக்கிவிடும். மணிக்கட்டுப் பருமனுள்ள மூங்கிலை முழம் முழமாக வெட்டி, நெருக்கமான படிகள் உள்ள ஏணியாக இரண்டு கட்டி, வெட்டிய சரிவில் படுக்கவைத்தோம். டயரின் பட்டைகள் அந்தப் படிகளைப் பல்லைப் போலக் கவ்வின. நின்ற நிலையிலேயே, சக்கரம் சுற்றுவதற்கு முன்பே, இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கைப் போட்டுக்கொண்டேன். ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது அதை மிதித்தால் உள்ளே பற்கள் உடையும். முன்சக்கரங்களை நேராக்கி, மிகக் குறைந்த ரிவர்ஸ் கியரில், என்ஜின் அணையாத அளவுக்கு மட்டும் டீசல் கொடுத்துக் கிளட்சை மெல்ல விட்டேன். மூங்கில் நெரிந்தது. வண்டி ஒரு முழம் ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. அந்த இடத்தில்தான் தம்பியின் வண்டிக்கு வேலை வந்தது: எனக்குப் பின்னே, கெட்டித் தரையில் நின்று, டிராபாரிலிருந்து டிராபாருக்குச் சங்கிலி போட்டு, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுத்தான். பத்து மணிக்குள் வண்டி வரப்போரம் வந்து நின்றது.

இரண்டாவது வண்டி கிடைக்காதவர்கள், அசையாத மரம் ஒன்று பக்கத்தில் இருந்தால் கைச்சங்கிலிக் கப்பியைக் கட்டி இழுக்கலாம். நகரும் கப்பி ஒன்றைச் சேர்த்தால் இழுவிசை ஏறக்குறைய இரட்டிக்கும், கயிறு இரண்டு மடங்கு நீளம் ஓடும். எதைக் கொண்டு இழுத்தாலும் சங்கிலி அல்லது கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போடுங்கள். சங்கிலியோ கயிறோ அறுந்தால் அது சாட்டையாகச் சுழலும். அதன் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு வேடிக்கை பார்ப்பவர்களை விரட்டிவிடுங்கள். நைலான் கயிறு ரப்பரைப் போல நீண்டு அறுவதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வெளியே வந்த மகிழ்ச்சியில் உடனே உழப் போகாதீர்கள். நான் பின்னச்சின் எண்ணெய் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தபோது எண்ணெய் பால்விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். எண்ணெயை முழுவதும் வடித்து மாற்றினேன். கிளட்ச் அறைக்கு அடியிலுள்ள வடிதுளையில் சேறு அடைத்திருந்ததைக் கம்பியால் குத்தித் திறந்தேன். முன்னச்சு முனைகளில் பழைய கிரீசு வெளியே வரும் வரை புதியதை அடித்தேன்.

இதற்கெல்லாம் மூன்று நாள் ஆனது. வயல்காரர் அதற்குள் கையால் பிடித்து ஓட்டும் சிறு உழவு இயந்திரத்தைக் கொண்டு மூலையை முடித்துவிட்டார். எனக்குக் கூலி தந்தபோது அந்த மூலைக்கு உண்டானதைக் கழித்துக்கொண்டார். நடவுக்கு முன் என் சக்கரக் குழிகள் இரண்டையும் நான்தான் மூட வேண்டும் என்றும் சொன்னார். மண்வெட்டியோடு போய் ஒரு காலைப்பொழுதில் மூடிக் கொடுத்தேன்.