சாப்பிட மறுக்கும் பிள்ளை: பெற்றோர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

கேள்வி: மகளுக்கு 15 வயது. அனோரெக்சியா என்கிறார்கள்; குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் மனநோயாம். “வற்புறுத்தாதே, பசித்தால் தானே சாப்பிடுவாள்” என்கிறார் என் அக்கா. விட்டுப் பார்க்கலாமா?

பதில்: விடாதீர்கள் அம்மா. பட்டினியே மனதைக் குலைத்துவிடும். 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், நல்ல ஆரோக்கியமான 36 ஆண்களை அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். அவர்களுக்கே எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், மனச்சோர்வு. அதனால் முதலில் உடம்பு தேற வேண்டும். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் வளர்ந்த குடும்ப சிகிச்சை இப்படித்தான் தொடங்குகிறது: என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பதெல்லாம் பெற்றோர் கையில். எடை ஏறி, தகராறு குறைந்த பிறகு அந்தப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமே திருப்பிக் கொடுப்பீர்கள்.

கேள்வி: எங்கள் வளர்ப்பில்தான் கோளாறா?

பதில்: இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியோடு தட்டு முன்னால் உட்கார்ந்தால் உங்கள் கைதான் தளரும்.

கேள்வி: தட்டு வைத்தாலே அழுகை. நான் கத்திவிடுகிறேன். இவர் “பாதி போதும், விடு” என்கிறார்.

பதில்: நோய் நுழைகிற சந்து இதுதான். அளவை நீங்கள் இருவரும் முன்பே அடுப்படியில் பேசி முடித்துவிடுங்கள். மூன்று தோசை என்றால் மூன்று. அவள் முன்னால் பேரம் வேண்டாம். “எண்ணெய் எவ்வளவு ஊற்றினே?” என்று கேட்டால் வாதாடாதீர்கள். “கஷ்டமா இருக்குன்னு தெரியும் கண்ணு, இன்னொரு வாய் எடுத்துக்கோ” என்று அதையே நிதானமாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். திட்டும் குத்தலும் அதிகமுள்ள வீடுகளில் சிகிச்சை தடுமாறுவதை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள். பாட்டி, அத்தை யாரும் “இப்பதான் சதை பிடிச்சிருக்கு” என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்பாகச் சொன்னாலும் அடுத்த வேளைச் சாப்பாடு போச்சு.

கேள்வி: அவள் தம்பியைக் கண்காணிக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் அவளோடு கேரம் ஆடட்டும், போதும்.

கேள்வி: குணமாகிவிடுமா சார்?

பதில்: உத்தரவாதம் தர முடியாது. ஆனால் 2010ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குடும்ப சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் 49 சதவீதம் பேர் முழுமையாக மீண்டிருந்தார்கள். தனியாக மனநல சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 23 சதவீதம்தான்.

கேள்வி: இன்றே வீட்டில் ஆரம்பிக்கலாமா?

பதில்: முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். நாள்பட்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மயக்கம் வந்தாலோ, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே போனாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, அன்றே மருத்துவமனையில் சேருங்கள்.